உப்புக் குரல்

மாசிலாமணி நானூறு பேரை மேய்த்தவர். நூற்பாலையில் இருபத்தெட்டு வருஷம் சூப்பர்வைசர். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் தூங்குகிற மிஷின்கூட ஓடும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்றதும், இனிமேல் சிவசிந்தனைதான் என்று மலையடிவாரத்து மடம் ஒன்றில் வந்து சேர்ந்தார். குருவாக வாய்த்த சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது கம்மி. ஆனாலும் தினமும் விழுந்து கும்பிடுவார். பக்தியில் குறை சொல்ல முடியாது.

சாமி அவரிடம் மடப்பள்ளியை ஒப்படைத்தார். ஆறே மாதத்தில் மடப்பள்ளி மில்லாகிவிட்டது.

அந்த மடப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிகிறவரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் அண்டாவில் உப்புப் போடுகிறவர், "சாம்பாருக்கு உப்பு விழுந்தாச்சு!" என்று உரக்கக் குரல் கொடுப்பார். மற்றவர்கள் "ஆச்சு!" என்று திருப்பிச் சொல்வார்கள். பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்குக்கூடக் கேட்கும். மாசிலாமணி வந்த முதல் வாரமே அதை நிறுத்தினார்.

"இது மடமா, மீன் மார்க்கெட்டா? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு ரொம்பத் திருப்தி.

குருபூஜை அன்று ஊரே திரண்டு வந்தது. மூன்று பந்தி. மாசிலாமணி கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஐயோ, உப்பு! நாக்கு சுருண்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வரிசை முழுக்கத் தலைகுனிந்து தின்றுகொண்டிருக்கிறது. மடத்துச் சோற்றைக் குறை சொல்வார்களா? இதே சாம்பாரைத்தான் முந்தின இரண்டு பந்தியும் தின்றிருக்கிறது.

எழுந்து மடப்பள்ளிக்குப் போனார்.

"எவன் போட்டது உப்பை?"

எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

பதினெட்டு வருஷமாக அங்கே சமைக்கிற சுடலைமுத்து முன்னால் வந்தார். "நான்தான் அய்யா."

"துண்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டு வாரேன். மடத்து மானத்தை வாங்கிட்டியே!"

சாமி தன் அறையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அனுப்பணும்ங்கிறீரு," என்றார் சாமி.

"ஆமா சாமி. இவனை விட்டா நாளைக்கு எல்லாருக்கும் துளிர்விட்டுப் போகும்."

"வரச்சொல்லும்."

சுடலைமுத்து வந்து ஓரமாக நின்றார். கையில் ஒரு பழைய பை. வேலை போனது என்றே முடிவு செய்துவிட்ட முகம்.

"உப்பு நீதான் போட்டியா?"

"போட்டேன் சாமி. சரியான அளவுதான் போட்டேன்."

"பிறகு எப்படிக் கூடுச்சு?"

"நான் போட்டது தெரியாம இன்னும் ரெண்டு பேர் போட்டிருக்காங்க. அவங்க பேரு மட்டும் கேக்காதீங்க சாமி. பிள்ளைகுட்டிக்காரங்க."

"ஏன், குரல் கொடுக்கலையா?"

சுடலைமுத்து மாசிலாமணியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அதை விட்டு ஆறு மாசம் ஆச்சு சாமி."

"பக்கத்துல நிக்கிறவனை மெதுவாக் கேட்டிருக்கலாமே?"

"போன மாசம் ஒருத்தன் கேட்டான். 'இதுகூடத் தெரியாத நீ எதுக்குடா கரண்டி பிடிக்கே'ன்னு அய்யா அவனை எல்லார் முன்னாலயும் நிக்க வச்சுட்டாங்க. அதோட சரி. குறைஞ்சா ஏச்சு விழுமேன்னு ஆளாளுக்கு ஒரு கை போட்டுட்டாங்க."

சாமி சுடலைமுத்துவை வெளியே இருக்கச் சொன்னார்.

மாசிலாமணிக்குக் காது சுட்டது. இருந்தாலும் மனுஷன் லேசில் விடுவாரா?

"சரி சாமி, போட்டது போட்டாங்க. பரிமாறினவங்களுக்குத் தெரியாதா? இலையில அப்படியே மீந்து கிடக்குமே. ஒருத்தராவது எங்கிட்ட வந்து சொல்ல வேண்டாமா?"

"ஒருத்தரும் வரலையா?"

"வரலை சா..."

பாதியில் நின்றுவிட்டது. ஒருத்தி வந்திருந்தாள். முதல் பந்தி நடக்கும்போது பரிமாறுகிற பேச்சியம்மாள், வாளியும் கையுமாக நடைவாசலில் அவர் முன்னால் வந்து நின்றாள். "அய்யா, சாம்பார்..." என்று ஆரம்பித்தாள். அவர் முடிக்க விடவில்லை. "தீந்துபோச்சுன்னா போய் அள்ளு. அதுக்கும் நான் வரணுமா? வயசாச்சே தவிர, மண்டையில மசாலா இருக்கா உனக்கு?" என்று கத்தினார். அவள் வாளியோடு திரும்பிப் போய்விட்டாள். அவரை விட நாலு வயது மூத்தவள்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மில்லில் எத்தனை பேர் இப்படி வந்து நின்று, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போனார்களோ! அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

சாமியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க எனக்குக் கீழ இருக்கிறவங்க சாமி. பயந்தாங்க. ஒத்துக்கிடுதேன். நீங்க முதல் பந்தியிலதானே சாப்பிட்டீங்க? அப்பவே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த பந்தியாவது தப்பிச்சிருக்குமே. நீங்களும் ஏன் சாமி சொல்லலை?"

சாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான்யா இலையை விட்டு எந்திரிச்சு வந்தேன். நடைவாசல்ல நீர் பேச்சியம்மாளை ஏசிக்கிட்டிருந்தீரு. எனக்கும் பயமாப் போச்சு. சத்தம் போடாமத் திரும்பிப் போய், மிச்சத்தையும் தின்னுட்டேன்."