ஏரிக்கரை நிற்குமா?

“இன்னைக்கு வர்ற ஆளுக்கும் பாடைக்கு மூங்கில் வெட்டியாச்சாம்” என்று அரண்மனை வாசலில் ஒரு காவல்காரன் சொன்னான்.

“தூக்க நாலு பேருக்குச் சொல்லி வச்சாச்சா?” என்று கேட்டான் மற்றவன்.

பக்கத்தில் நின்ற மாடத்தியின் காதில் அது விழுந்தது. வருகிற ஆள் அவள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

வெகு காலத்துக்கு முன் நெல்வாய் நாட்டை வீரவழுதி என்றொரு ராஜா ஆண்டான். ஊரைவிடப் பெரிய ஏரி ஒன்றை வெட்டி, அதற்குத் தன் பெயரையே வைத்திருந்தான். ஏரியைக் காக்க ஓர் அதிகாரி உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் ராஜா அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்: “இந்த மழைக்கு என் கரை நிற்குமா?”

முதல் அதிகாரி நிற்கும் என்றார். வடக்கு மூலை உடைந்து எண்பது பேர் போனார்கள். அவர் தலையும் போனது. அடுத்தவர் நிற்காது என்றார். நின்றுவிட்டது. ராஜாவின் ஏரியைப் பழித்தவர் என்று அவர் தலையும் போனது. மூன்றாமவர், சொல்ல முடியாது என்றார். சொல்லத் தெரியாதவனுக்குத் தலை எதற்கு என்றான் ராஜா.

மாடத்தி தென்கரை ஊரின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவள். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு ஒன்பது வருஷமாக அவளுக்கு அந்த வேலை. அதிகாரி வேலை தனக்கு எட்டாத உயரம் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் நாலு நாளாகக் கரையடியில் கலங்கிய நீர் கசிந்துகொண்டிருந்தது. அதன் நேர் கீழே அவள் ஊர். அதிகாரி உத்தரவில்லாமல் கரையில் ஒரு கூடை மண் கொட்டினாலும் குற்றம். அதிகாரியோ இல்லை. அதனால்தான் அந்த வேலையைக் கேட்டு அவளே வந்திருந்தாள்.

சபையில் ராஜாவின் வலப்பக்கம் மந்திரி சேந்தனார் உட்கார்ந்திருந்தார். தன் மைத்துனன் நக்கனை அந்த வேலையில் அமர்த்தத் துடித்தவர். நக்கன் ஏரியைப் பல்லக்கிலிருந்து மட்டும் பார்த்தவன். முதலில் அவனைத்தான் கேட்டார்கள். சேந்தனார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்: “மகாராஜா புகழ் நிற்கும்வரை கரை நிற்கும்.”

ராஜா மீசையைத் தடவிக்கொண்டான்.

பிறகு மாடத்தி. எத்தனை ஏரி ஆண்ட அனுபவம் என்று சேந்தனார் விசாரித்தார். ஒரு மடை என்றாள். என்ன நூல் படித்திருக்கிறாய் என்றார். படிக்கவில்லை என்றாள். “வாய்க்கால் கட்டுகிறவளுக்கு அதிகாரித் தலைப்பாகை கேட்கிறதாக்கும்” என்றார் அவர். சபை சிரித்தது.

ராஜா தன் கேள்வியைக் கேட்டான். சிரிப்பு நின்றது.

அவள் ஒரு செம்பைத் தரையில் வைத்தாள். “மகாராஜா, இது காலையில கரையடியில பிடிச்ச தண்ணி. கசிவு தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்வை, பயமில்ல. இப்படிக் கலங்கி வந்தா உள்ளே மண்ணு அரிக்குது.”

“நிற்குமா, நிற்காதா?”

“இருநூறு ஆளும் ஆத்து மணலும் இன்னைக்கே குடுத்தா நிக்கும். குடுக்கலைன்னா நிக்காது. பதில் என்கிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கு.”

ராஜாவின் தலையிலேயே பழியைச் சுமத்துகிறாளே என்று சேந்தனார் கொதித்தார்.

“நான் எங்கேய்யா சுமத்தினேன்?” என்றாள் மாடத்தி. “கரை உடைஞ்சா மகாராஜா புகழும் போச்சுன்னு உங்க மைத்துனர்தானே இப்ப சபையில சொன்னாரு.”

ராஜா செம்பை எடுத்து உள்ளே வெகுநேரம் பார்த்தான். பிறகு நக்கனிடம், மழை ஓயும்வரை கரையடியில் குடியிருக்கச் சம்மதமா என்று கேட்டான். நக்கன் சேந்தனாரைப் பார்த்தான். சேந்தனார் தரையைப் பார்த்தார்.

“அப்படியானால் இவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மண்கூடை கொடுங்கள். இருநூறில் இரண்டு குறைந்தது” என்றான் ராஜா.

வேலையையும் கேட்ட ஆளையும் மணலையும் மாடத்திக்குக் கொடுத்தான். உடைந்தால் உனக்கும் அதே கதிதான் என்று சொல்லவும் மறக்கவில்லை.

அதிகாரியின் பட்டுத் தலைப்பாகையைத் தட்டில் கொண்டுவந்தார்கள். மூன்று பேர் கட்டியது. எத்தனை வெளுத்தும் அதன் மடிப்பில் ஒரு கறை போகவில்லை.

அன்று மாலை மழை வலுத்தபோது மாடத்தி கரையடியில் மண்டியிட்டாள். தலைப்பாகையை உதறி விரித்து, ஆற்று மணலை அள்ளிப் போட்டு, மூட்டையாகக் கட்டி, கசிவின் வாயில் வைத்து அழுத்தினாள்.