ஐந்தாவது அசை

கடல் உயிரினங்களைப் பற்றி முப்பத்தொரு வருஷம் வாய் ஓயாமல் பாடம் நடத்தியவர் தேவநேசன். பக்கவாதம் வந்ததில் கை கால் தப்பித்துக்கொண்டன, வாய்தான் மக்கர் பண்ணியது. சொல்ல வேண்டியது தெரியும், எழுதவும் முடியும். நாக்கு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் அவருடைய கடைசி வகுப்பு. அதில் ‘எக்கைனோடெர்மேட்டா’ என்ற ஒரு சொல்லையாவது தன் வாயால் சொல்லிவிட வேண்டும். நட்சத்திர மீன் வகையறாவுக்கு அந்தப் பெயர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் வாஹிதாவுக்கு அவருடைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அசைக்கு ஒன்றாக மேசையில் விரலால் தட்டினாள்.

“எக். கை. நோ. டெர். மேட். டா. அழுத்தம் அஞ்சாவதுல. சொல்லுங்க சார்.”

“எக்... கை... நோ... டெர்...”

அவ்வளவுதான். பதினாறு நாளாக இதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. காகிதத்தை இழுத்து, ‘எக்கைனோ முள், டெர்மா தோல், எல்லாம் தெரியும். எங்கே அழுத்தினால் அடுத்தது வரும்?’ என்று எழுதினார். கேள்விக்குறியில் தாள் கிழிந்தது.

“இன்னொரு தடவை,” என்றாள் வாஹிதா.

கதவு திறந்தது. அவர் மனைவி அருள்மணி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, காப்பி ஆறுது.”

வராந்தா இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்தது. அவர் கையைக் காட்டியதும் போனாள். கதவைச் சாத்தவில்லை.

“எக்... கை... நோ...”

“சீனி போடட்டா?”

மறுபடி கையைக் காட்டினார். மறுபடியும் கதவு திறந்தபடியே கிடந்தது. வாஹிதா எழுந்து சாத்தியிருக்கலாம். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

“எக்... கை...”

“காலை மாத்திரை போட்டீங்களா?”

“அந்தக் கதவைச் சாத்தித் தொலையேன், எத்தனை தடவை சொல்றது.”

அருள்மணி அப்படியே நின்றாள். நாலு மாதமாக அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டு வாங்கியவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாஹிதா விரல் மடக்கி எண்ணி முடித்தாள்.

“பத்தொம்பது அசை சார். எங்க அழுத்தணும்னு யாரைக் கேட்டீங்க?”

தேவநேசன் பதில் சொல்லப் பார்த்தார், நாக்கு மறுபடி மக்கர் பண்ணியது. பிறகு கிழிந்த தாளைத் திருப்பி, ‘வெள்ளிக்கிழமை?’ என்று எழுதி நீட்டினார்.

“அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள் வாஹிதா. “கதவுகிட்ட நிக்கட்டும்.”