தவளைகள் ஊருக்கு ஊர் பாட வந்த கதை

அந்தக் காலத்தில் தவளைகளுக்கு மனிதரின் பேச்சு தெரியும். ஆனால் அவை தலைநகரில், அரண்மனைக் குளத்தில் மட்டுமே வாழ்ந்தன. பாட்டும் ஆட்டமும் தலைநகரைத் தவிர வேறெங்கும் நடக்கக் கூடாது என்பது அரசர் கட்டளை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அங்கே போனார்கள். சேலையோ சட்டியோ வாங்குவதையும் அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

இதனால் நொடித்துப்போனது நாணல்துறை என்ற ஆற்றங்கரை ஊர். குயவர்களும் தறிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஊர்த்தலைவி மாசாணியின் மகளும் மருமகனும்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு மாசாணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அரசரிடம் போய், ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு பாட்டுத்திடல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள்.

தலைநகரில் கூட்டம் குறைந்துவிடுமே என்று அரசர் தயங்கினார்.

"மழைக்காலத்தில் பாதையெல்லாம் சேறு. அப்போது யாரும் இங்கே வருவதில்லை. அந்த மாதங்களை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்" என்றாள் மாசாணி.

அரசருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஊருக்கு ஓரிடம், அதுவும் மழைக்காலத்தில் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே யார் பாடுவார்கள் என்று கேட்டார். பாடத் தெரிந்தவர்கள் நாணல்துறையில் ஒருவரும் இல்லை.

குளப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பச்சையி என்ற தவளை, தான் போவதாகச் சொன்னது.

அரசரின் முகம் சுருங்கியது. இங்கே வேளை தவறாமல் பொரி விழுகிறது, பாம்பு அண்டுவதில்லை. படியைத் தாண்டினால் திரும்பி வர இடமில்லை என்றார். பச்சையிக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறந்தது முதல் அது குளத்தை விட்டு வெளியே போனதில்லை.

"நாங்கள் பாடினால் இங்கே எல்லோருக்கும் தூக்கம் வருகிறது, அரசே. கேட்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கும் ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, மாசாணியின் கூடைக்குள் தாவியது. அதன் சுற்றமும் பின்னாலேயே தாவியது.

மழைநீர் தேங்கும் தாழ்வான நிலம் ஒன்றை மாசாணி ஒதுக்கிக் கொடுத்தாள். முதல் மழைக்கே அங்கே பாட்டு எழுந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். நின்றவர்களுக்குப் பசித்தது, ஒருத்தி பணியாரம் சுட்டு விற்றாள். நனைந்தவர்களுக்கு மாற்றுத் துணி வேண்டியிருந்தது. தறிக்காரர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். படகுகள் நீரில் இறங்கின. குயவர்கள் தலைநகரிலேயே தங்கிவிட்டாலும், கார்த்திகை பிறப்பதற்குள் மாசாணியின் மகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த மழைக்காலத்தைப் பச்சையி பார்க்கவில்லை. வரப்பில் ஒரு பாம்பு அதைப் பிடித்துவிட்டது. அப்படியும் அதன் பிள்ளைகள் அரண்மனைக் குளத்தை நினைக்கவில்லை. மற்ற ஊர்களும் கேட்டபோது, கூட்டம் கூட்டமாகப் பிரிந்து புறப்பட்டுப் போயின.

அன்று முதல்தான், எந்த ஊரானாலும், மழை பெய்து தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் நின்றதும், தவளைகள் அந்த ஓரிடத்தில் கூடிப் பாடுகின்றன.