மறைமலை நகருக்குப் போவதா, வேண்டாமா

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு. அயனாவரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில், விடுமுறை நாட்களில் சிலர் கூடிக் கண்ணை மூடி உட்காருவார்கள். செண்பகவல்லியும் உட்காருவார். உபதேசமெல்லாம் கிடையாது. கீழே மில் ஓடும்போது தரை அதிரும். அதைப் பற்றி யாராவது குறைப்பட்டால், “எனக்கும்தான் அதிருது” என்பார்.

மாசிலாமணி அவரை ‘அம்மா’ என்பார். அவர் மாசிலாமணியை ‘சார்’ என்பார். இதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கிளம்பிய பிறகும் மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

“என்ன சார்?”

“ஒரு விஷயத்துல முடிவெடுக்க முடியலம்மா.”

மாசிலாமணி நகரத்தின் நடுவே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர். ஆஸ்பத்திரி மறைமலை நகரில் புதிதாக ஒரு கிளை திறக்கப்போகிறது. இங்கிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும். மாசிலாமணி போகலாம், அல்லது அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சுகந்தி போகலாம். அவர் மூத்தவர் என்பதால் முதலில் அவரைக் கேட்டிருந்தார்கள். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

“அங்க போனா நான்தான் பொறுப்பு. தனி ரூம். வீடும் பெருசா கிடைக்கும். ஆனா பெரிய டாக்டருங்க எல்லாம் இங்கதான். கஷ்டமான கேஸெல்லாம் இங்கதான் வரும்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அவளுக்கு எங்கன்னாலும் சரியாம்.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“நாலஞ்சு தடவை.”

போன ஒவ்வொரு தடவையும் மாசிலாமணிக்கு மறைமலை நகர் பிடித்துப்போனது. அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டு, போவது என்று முடிவு செய்துகொண்டு ரயிலேறினார். எழும்பூரில் இறங்கியதும் சென்னை பிடித்துப்போனது. இந்த லட்சணத்தில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மனிதர் இளைத்தும் போயிருந்தார்.

“இதுல சுகந்தி வேற. தினம் காலையில வந்து நிக்கறா. ‘எதுன்னாலும் பரவால்ல சார், சொல்லிட்டீங்கன்னா பாப்பாவ அந்த ஊர்லயே ஸ்கூல்ல சேர்த்துருவேன்’னு ஒரே நச்சரிப்பு. நாம படற பாடு அவளுக்கு எங்க தெரியுது?”

செண்பகவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு, “எனக்குப் படிக்கிறப்ப எழுத்து மங்குது சார். பார்க்கறீங்களா?” என்றார்.

மாசிலாமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் குரு கேட்கிறார். அன்று மதியம் ஒரு கண் முகாமுக்குப் போக வேண்டியிருந்ததால் பெட்டி ஸ்கூட்டரிலேயே இருந்தது. போய் எடுத்து வந்தார். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டினார். கனமான சோதனைக் கண்ணாடியைக் குருவின் மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணை மறைத்தார். வேலை தொடங்கியதும் முகம் தெளிந்துவிட்டது. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர்.

கைப்பிடி வைத்த சிறு வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திருப்பினார்.

“ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?”

“ரெண்டு.”

எதையோ மாற்றினார். “இப்ப? ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு.”

மறுபடி மாற்றினார். “இப்ப?”

செண்பகவல்லி யோசித்தார். “திரும்பக் காட்டுங்க.”

காட்டினார்.

“இன்னொரு தடவை.”

காட்டினார்.

“முதல்ல காட்டினதை மட்டும் இன்னொரு தடவை. இல்ல, ரெண்டாவதையும்.”

மாசிலாமணிக்குக் கை வலித்தது. குரு என்றும் பார்க்காமல் குரலில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. “ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சா அப்படியே சொல்லிடலாம்மா.”

“ஒரே மாதிரிதான் தெரியுது. தப்பா சொல்லிட்டா?”

“இதுல என்ன தப்பு? ரெண்டும் ஒண்ணுபோல தெரியற இடத்துலதான் நம்ம வேலை முடியுது. அதுக்கு மேலயும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு களைச்சு, தெரிஞ்ச எழுத்தும் தெரியாமப் போயிடும்.”

“அப்படியும் கேக்கறவங்க இருப்பாங்களா?”

“ஏன் இல்ல? படிச்சவங்கதான் ரொம்ப. கண்ணாடி ஒத்துக்கலன்னா என்ன பண்றதுன்னு பயம். எந்தக் கண்ணாடியும் முதல் வாரம் தலை சுத்தத்தான் செய்யும். போட்டுக்கிட்டு நாலு தெரு நடந்தா பழகிடும். என் நாற்காலியில உட்கார்ந்துகிட்டே பழகணும்னா எப்படி?”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நம்பரை எழுதிக் கையில கொடுத்து அனுப்பிடுவேன். சில பேர் அப்பவும் நகர மாட்டாங்க. வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க! அவங்களுக்கும் கண்ணுதானே? ஒரு ஆளு முடிவு பண்ண முடியலன்னு எல்லாரையும் காக்க வெச்சா, அது...”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. தினம் காலையில் வந்து நிற்கிற சுகந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. பள்ளி திறக்க அதிக நாள் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதத்தில் ஒரு முறைகூட அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டதில்லை. மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது.

கீழே மில் ஓடத் தொடங்கியது. சுவரில் எழுத்து அட்டை லேசாக ஆடியது.

ஆனாலும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ரெண்டுல எதும்மா நல்லது? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.”

செண்பகவல்லி சோதனைக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“எழுந்திருங்க சார். அடுத்தவங்க உட்காரணும்.”