வினைமுற்று இல்லாத கட்டுரை

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் திருவேங்கடநாதன் என்றொரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். முதலாண்டு மாணவர்களுக்கு இலக்கணம் நடத்த வந்தவர், வினையெச்சம் வரைக்கும் நடத்திவிட்டு நின்றுவிட்டார். அதற்கப்புறம் தினமும் அவர் வாங்கிய பொன்னாடைகளின் பெருமைதான் பாடம்.

ஒருநாள் கடைசி பெஞ்சில் காத்தாயி என்ற மாணவி கொட்டாவி விட்டாள். பேராசிரியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வகுப்பைப் பற்றி இப்போதே ஒரு கட்டுரை எழுது. ஒரு பிழை இருந்தாலும் பரீட்சைக்கு உன்னை உட்கார விடமாட்டேன்."

காத்தாயி மளமளவென்று எழுதி, எழுந்து நின்று வாசித்தாள்.

"எங்கள் ஐயா வகுப்புக்குள் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பாடத்தைத் தொடங்கி, பாதியில் விட்டு, பாராட்டு விழாவுக்குப் போய், பொன்னாடை போர்த்திக்கொண்டு, மேடையை விட்டு இறங்காமல்..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"இறங்காமல்? அப்புறம்?"

"அவ்வளவுதான் ஐயா."

"வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறதே, வினைமுற்று எங்கே?" என்று பேராசிரியர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இன்னும் வினையெச்சத்தையே தாண்டலையே ஐயா. நடத்தாத பாடத்தை நான் எப்படி எழுதுறது?"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. பேராசிரியரின் முகம் சிவந்தது; பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'வினைமுற்று' என்று எழுதினார்.

"பரீட்சைக்கு வா. ஆனால் விடைத்தாளில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்றார்.