நெஞ்சு உறக்கம் தொலைத்த மத்தியானம்

அந்தக் காலத்தில் நெஞ்சுக்கும் வாய் இருந்தது. காது வைத்துக் கேட்டால் பேசும். கேட்காமலே பேசும் நெஞ்சுகளும் உண்டு, அது கட்டிக்கொண்டவரின் தலையெழுத்து. உச்சிவெயில் ஏறியதும் ஊரே படுத்துவிடும். அந்த ஒரு நாழிகை, நெஞ்சும் துடிப்பதை நிறுத்திவிட்டு உறங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் உறங்கியதால் இது யாருக்கும் தெரியாது.

இரும்புக்கல் கிடைக்கும் ஒரு மலையடியில் கொற்றன் என்று ஒருவன் இருந்தான். கல்லை உருக்கி இரும்பு எடுக்கலாம் என்று முதலில் கண்டுகொண்டவன் அவன்தான். அவன் உலைக்குக் காற்று ஊதும் துருத்தியை மிதிப்பான், அவன் மனைவி சேந்தி மலையேறிக் கல்லும் கரியும் சுமந்து வருவாள். முதல் தடவை உலை மூட்டியபோது, ஊர் வழக்கப்படி மத்தியானம் இருவரும் படுத்துவிட்டார்கள். எழுந்து பார்த்தால் உலை ஆறி, கல்லும் கரியும் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டும் உடையவில்லை. பத்து நாள் உழைப்பு பாழாய்ப் போனது. நின்ற உலை செத்த உலை என்று கொற்றன் அன்றைக்குக் கற்றுக்கொண்டான். ஒன்றைக் கற்றுக்கொண்டால் அவன் லேசில் விடுகிறவன் அல்ல.

இரண்டாம் தடவை மூட்டியபோது மத்தியானம் அவன் படுக்கவில்லை. சேந்தி மட்டும் பக்கத்தில் புங்கமர நிழலில் படுத்தாள். இந்தச் சூட்டில் எப்படித்தான் உறங்குகிறாளோ என்று மிதித்தபடியே திரும்பிப் பார்த்தான். அவள் மார்பு அசையவில்லை. ஓடிவந்து காது வைத்தான். சத்தமே இல்லை.

அவன் உலையை மறந்தான். "ஏம்புள்ள, சேந்தி, எந்திரி" என்று உலுக்கினான். அவள் எழவில்லை. உலுக்கிய உலுக்கில் அவள் நெஞ்சுதான் விழித்தது.

"யாரது? இன்னும் பொழுது சாயலையே" என்றது.

"நீ நின்னுபோயிட்ட. உலை நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இவளையும் அப்பிடி ஆக்கிப்போடாத."

"நான் நின்னாத்தான் என்னைத் துடிக்க வைக்கற ஆளுங்கள மாத்த முடியும்" என்றது நெஞ்சு. "எனக்குள்ளயும் ஒரு உலை எரியுது. காத்த வாங்கித்தான் எரிக்கிறேன். எரிஞ்சா பொறி தெறிக்கும். பொறி பட்டு தெனமும் அந்த ஆளுங்கள்ல நாலு பேரு கருகிப் போறாங்க. இந்த ஒரு நாழிகையிலதான் கருகினவன எடுத்துட்டுப் புது ஆள நிறுத்தறோம்."

இதில் பாதி கொற்றனுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை அவன் நம்பவில்லை. உலை வைத்தவனுக்கே தெரியாதது நெஞ்சுக்குத் தெரிந்துவிடுமா? அவன் அழத் தொடங்கினான். அவன் அழுதால் சேந்தியின் நெஞ்சு தாங்காது, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

"இனிமே நிக்க மாட்டேன்னு வாக்குக் குடு."

"ஒரு நாழிகைகூடவா?"

"கண்ண மூடித் தெறக்கற நேரங்கூட."

நெஞ்சு சரி என்றது. அந்தக் காலத்தில் ஒரு நெஞ்சு கொடுத்த வாக்கு எல்லா நெஞ்சையும் கட்டும், இப்போதுபோல் ஆளுக்கொரு நியாயம் கிடையாது. ஊரில் உறங்கிக்கொண்டிருந்த நெஞ்சுகள் எல்லாம் திடுக்கிட்டுத் துடிக்கத் தொடங்கின. சேந்தியும் எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, உலைய ஆற விட்டுப்போட்டு இங்க என்ன பண்ணறீங்க?" என்றாள். கொற்றன் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

நெடுங்காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. நெஞ்சுக்குள்ளே பொறி அணைக்கிற ஆட்களும் உண்டு. அப்போது அவர்கள் இளவட்டங்கள், பொறி தெறித்ததும் ஓடிப்போய் அணைத்தார்கள். சேந்தி கூடையோடு மலை ஏறி இறங்கினாள். இரும்பும் வந்தது. கொற்றன் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

தலை நரைத்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. பாதி மலையிலேயே சேந்திக்கு மேல்மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கியது. கொற்றன் மறுபடி காது வைத்தான்.

"ஆள் பத்தல, கொற்றா" என்றது நெஞ்சு. குரல் கம்மியிருந்தது. "உலை பழசு, முன்னவிடப் பொறி ஜாஸ்தி. அணைக்கிறவனுக்கும் வயசாயிருச்சு, கை ஓடல. கருகினவன் எடம் காலியாவே கெடக்குது. மிச்சம் இருக்கறவன் ரெண்டாள் வேலையச் செஞ்சு செஞ்சு ஊதிப்போயிட்டான்."

"அப்பக் காத்தக் கொறச்சு வாங்கு."

"காத்து இல்லாட்டி இன்னைக்கே முடிஞ்சுரும்."

"காத்துனாலதான பொறி?"

"ஆமா."

"அப்பறம் காத்து நல்லதா கெட்டதா?"

"அது காத்து" என்றது நெஞ்சு.

கொற்றனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஒரு நாள் சேந்தியைப் பாதி மூச்சு விடச் சொன்னான். மறுநாள் துருத்தியைத் தூக்கிவந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினான். அவள் சாம்பலைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்னதாங்க வேணும், காத்து வேணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். அதுதான் அவனுக்கும் தெரியவில்லை.

கடைசியில் நெஞ்சிடமே கெஞ்சினான். "அந்த வாக்கு வேண்டாம், விட்டுரு. பழையபடி மத்தியானம் நின்னு ஆளுங்கள மாத்திக்க."

"புது ஆள உண்டாக்கத் தெரிஞ்சவங்க இப்ப யாரும் இல்ல. இத்தனை வருசத்துல அந்த வேலையே மறந்துபோச்சு. நிக்கச் சொன்னா நிப்பேன். மறுபடி கெளம்பத் தெரியாது."

கொற்றன், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டதே என்று நொந்துகொண்டான். இல்லை, அன்று எழுப்பாமல் விட்டிருந்தால் அவள் எழுந்தேயிருக்க மாட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். எழுந்திருப்பாள், எல்லா நாளும் எழுந்தவள்தானே என்றது மனசு. அவளைக் காப்பாற்றியதும் அவள் நெஞ்சு நிற்கக் கூடாது என்ற ஆசைதான், கெடுத்ததும் அதேதான். எதை எதிலிருந்து பிரிப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் சேந்தியிடம் சொன்னான். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான்.

"அன்னைக்கு எனக்காகவா அழுதீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டு அவன் இன்னும் குழம்பினான்.

மறுநாள் அவள் கூடையை எடுத்தபோது அவனும் கூடவே ஏறினான். பாதி மலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. கூடையை இறக்கி வைத்து, அவள் கையை எடுத்து அவள் மார்பில் வைத்தான். நெஞ்சிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மன்னிச்சுக்கோ என்பதா, நீ நல்லாயிருக்கணும் என்பதா? இரண்டும் ஒரே சமயத்தில் வாய்வரை வந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. நெஞ்சும் பேசவில்லை. பேசச் செலவாகும் பலத்தைக்கூட அது துடிப்புக்கு வைத்துக்கொண்டது. துடிப்பு சீராகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு மெல்ல ஏறினார்கள்.

அன்று முதல்தான் நெஞ்சு பேச்சை விட்டது, துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. வயதானவர்கள் மேடு ஏறும்போது பாதி வழியில் நின்று மார்பில் கை வைத்துக்கொள்வதும் அன்று முதல்தான், எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.