இருபத்து நாலு துண்டான மாப்பிள்ளை

கோணமேட்டில் கைகால் முறிந்தால்கூட நல்ல நாள் பார்த்துத்தான் வைத்தியத்துக்குப் போவார்கள். எலும்பு வைத்தியர் தாண்டவராயன் வீட்டில் இருக்கும் நாள்தான் நல்ல நாள். அவர் இல்லாத நாளில் அங்கே இருப்பது அவருடைய சீடர்கள் மூன்று பேர்: மாசானம், சுடலை, கொம்பையா. மூன்று பேருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் ஊருக்கே பயம்.

அன்று வைத்தியர் மூலிகை பறிக்க விடியற்காலையிலேயே மலையடிவாரத்துக்குக் கிளம்பினார். வாசலில் நின்று மூத்த சீடன் மாசானத்தைக் கூப்பிட்டார்.

"ஏலே, காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. யாரு வந்தாலும் மண்டை, முதுகு, விலா மூணையும் முதல்ல தடவிப் பாக்கணும். சந்தேகம் வந்தா நல்லா இருக்கிற உடம்போட ஒத்துப் பாரு. வித்தியாசம் இருந்தா கட்டு, இல்லேன்னா விட்டுரு. இனிமே ஒரே ஒருத்தன் வாயைத் திறந்து குறை சொன்னாலும் மூணு பேரும் மூட்டையைக் கட்டிர வேண்டியதுதான்!"

வைத்தியம் படிக்கிற மாப்பிள்ளை என்று மாசானத்தின் மாமனார் எட்டு ஊருக்குத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். மூட்டையோடு போய் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? இன்றைக்கு ஒரு பயல் வாயிலிருந்தும் குறை வரக் கூடாது என்று முடிவு கட்டினான், பாவம்.

எட்டு மணிக்குப் பால்துரை நொண்டிக்கொண்டு வந்தான். பத்தரைக்கு அவனுக்குக் கல்யாணம். குளித்துவிட்டு வரும்போது கிணற்றடியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது.

"கணுக்காலை ஒரு தடவு தடவி விடுங்க அண்ணாச்சி. பத்தரைக்குள்ள தாலி கட்டணும்."

"காலு கிடக்கட்டும். சட்டையைக் கழத்தும்வே," என்றான் மாசானம்.

நல்லா இருக்கிற உடம்புக்கு எங்கே போவது? கொம்பையாதான் இருக்கவே இருக்கிறானே! தின்று தின்று திரண்ட உடம்பு. அதில் எலும்பு எங்கே இருக்கிறது என்று பெற்றவளுக்கே தெரியாது. அவனை முக்காலியில் உட்கார வைத்து, "நீதான் மாதிரி உடம்பு. ஆடக் கூடாது, அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது," என்றான் மாசானம். கொம்பையா மூச்சைக்கூடக் கொஞ்சமாகத்தான் விட்டான்.

முதலில் மண்டை. மாசானம் பால்துரையின் மண்டையைத் தட்டினான். பிறகு கொம்பையாவின் மண்டையைத் தட்டினான். இரண்டும் உருண்டை, இரண்டும் கெட்டி. மண்டைக்குச் சேதம் இல்லை.

அடுத்து முதுகு. மாசானத்தின் விரல் பால்துரையின் பிடரியிலிருந்து கீழே இறங்கியது. ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, இடுப்பு வரைக்கும் முடிச்சு. கொம்பையா முதுகையும் தடவினான். இலவம்பஞ்சுத் தலையணைதான்; ஒரு முடிச்சு இல்லை.

"போச்சுலே சுடலை! ஒத்தைக் கட்டையா இருக்க வேண்டிய முதுகெலும்பு துண்டு துண்டாப் போச்சு!"

"விலாவைப் பாரு அண்ணே," என்று சுடலை பதறினான். ஒரு பக்கம் பன்னிரண்டு. மறுபக்கமும் பன்னிரண்டு. கொம்பையாவிடம் எந்தப் பக்கம் அமுக்கினாலும் ஒன்றும் அகப்படவில்லை.

"இருபத்து நாலு துண்டு! எப்படி அண்ணே ரெண்டு பக்கமும் கணக்காப் பன்னிரண்டு உடையும்?"

மாசானம் தாடியைத் தடவி யோசித்தான். "நட்டநடுவுல விழுந்திருப்பான்லே."

"அடக் கிறுக்குப் பயலுவளா! எல்லாருக்கும் அப்படித்தானய்யா இருக்கும்!" என்று பால்துரை கத்தினான்.

அவன் கத்தும்போதுதான் மாசானம் அந்தக் கொடுமையைக் கண்டான். மண்டையின் அடித்துண்டு மட்டும் தனியாக மேலும் கீழும் ஆடியது! திரும்பி மாதிரி உடம்பைப் பார்த்தான். கொம்பையாவின் தாடை அசையவே இல்லை.

"மண்டையும் கழண்டுபோச்சே!" என்று மாசானம் நிஜமாகவே கண்ணீர் விட்டான். "இந்தக் கோலத்துல கல்யாணத்துக்குப் புறப்பட்டிருக்கானே, என்ன நெஞ்சழுத்தம்!"

தாடையைத் தலையோடு சேர்த்து முதலில் கட்டினார்கள். அதன்பின் பால்துரையிடமிருந்து "ம்ம்ம்" மட்டும்தான் வந்தது. விலாவுக்கு இருபத்து நாலு மூங்கில் பத்தை. முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் குழைத்துப் பூசித் துணியைச் சுற்றினார்கள். முதுகு நேராக நிற்க வேண்டுமே, ஆளை ஏணியோடு வைத்து இறுக்கினார்கள்.

பால்துரை காலை உதறி உதறிக் காட்டினான். மாசானத்துக்கு இரக்கமாகிவிட்டது. பால்துரையின் கணுக்காலையும் பார்த்தான், கொம்பையாவின் கணுக்காலையும் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி பூசணிக்காயாக உப்பி இருந்தன. "காலு ரொம்ப நல்லா இருக்குவே," என்று ஆறுதல் சொன்னான்.

பத்து மணிக்கு வைத்தியர் மூலிகைக் கட்டோடு உள்ளே வந்தார். ஏணியையும் ஏணியில் இருந்தவனையும் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார்.

"அட சண்டாளப் பயலுவளா! என்ன காரியம்லே பண்ணி வச்சிருக்கீய?"

மாசானம் அவர் வாயையே பார்த்தான். தாடை கிடுகிடுவென ஆடியது. மாசானத்தின் கண் கீழே இறங்கியது. மேல்துண்டு நழுவிய மார்பில் வரிவரியாக எலும்பு. இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு.

"ஐயோ சாமி! நீங்களும் மலையில விழுந்துட்டீங்களா?"

"நான் வைத்தியர்லே! என்னை விடுங்கலே!"

"யாரு வந்தாலும்னு நீங்கதானே சொன்னீய!" என்று மூன்று பேரும் சேர்ந்து பயபக்தியோடு அவரை அமுக்கினார்கள். வீட்டில் இன்னொரு ஏணி இல்லை. கொல்லைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தான் சுடலை.

கட்டி முடிக்கவும் பெண்ணின் தாய்மாமன் ஆட்களோடு ஓடி வரவும் சரியாக இருந்தது. விசாரிக்க நேரம் ஏது? முகூர்த்தம் தப்பிவிடுமே என்று மாப்பிள்ளையை ஏணியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணவறையில் ஏணியைச் சாய்த்து, கையை மட்டும் அவிழ்த்துவிட்டதும், பால்துரை தாலியைக் கட்டிவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பெண்வீட்டார், மாப்பிள்ளைக்கு எவ்வளவு ஆசை பாருங்கள் என்று பூரித்துப் போனார்கள்.

இங்கே வைத்தியர் வீட்டில் மாசானம் கதவருகே குனிந்து, "ஏதும் குறை உண்டா சாமி?" என்று கேட்டான். "ம்ம்ம்!" என்றார் வைத்தியர். இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டும் ஒரு வாயிலிருந்தும் குறை வரவில்லை! மாசானத்துக்கு நெஞ்சே நிறைந்தது. அந்த நெஞ்சை ஆசையாகத் தடவிக் கொடுத்தான்.

கை பாதியில் நின்றது. மறுபடி தடவினான். முகம் வெளுத்தது. சுடலை ஓடி வந்து எண்ணினான். பன்னிரண்டு. மறுபக்கமும் பன்னிரண்டு.

"அண்ணே, நீ எப்ப விழுந்தே?"

"அது பிறகு யோசிப்போம். முதல்ல என் தாடையைக் கட்டுலே, சீக்கிரம்!" என்று மாசானம் அலறினான். "வலி பொறுக்க முடியாம நானே ஏதாவது குறை சொல்லிட்டேன்னா, மூணு பேரு பிழைப்பும் போயிரும்!"